இறக்கிவிட முடியாத கைலி

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முகத்தில் அடித்தது. பட்டுப்புடவைக்கும் கல்யாண வேட்டிக்கும் நடுவில், நான்காக மடித்து, என் காக்கி கில்ட். என் மனைவிதான் வைத்திருக்கிறாள். நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பாள். ஆனாலும் தினம் உடுத்துகிற துணிக்கு யாராவது பாச்சை உருண்டை போடுவார்களா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் இத இங்க வைக்கச் சொன்னா?" என்று சத்தம் போட்டேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "நீங்கதானே கண்ணுல காட்டாதன்னீங்க."

சொன்னேன்தான். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குச் சொன்னேன்.

இப்போது கட்டிலில் ஒரு பக்கம் கில்ட் கிடக்கிறது, இன்னொரு பக்கம் பேன்ட். பேன்டைப் போட்டேன், கழற்றினேன். கில்டைக் கட்டினேன், கழற்றினேன். வெறும் அரை டிராயரோடு உட்கார்ந்து, வேலைக்குப் போகிற நேரத்தில், உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இருந்திருந்தால் நீ சிரித்திருப்பாய். "மாப்ள, பொண்ணு பாக்கவாடா போற?" என்று கேட்டிருப்பாய்.

பெண் பார்ப்பதைவிட அதிகமாக நீ அல்லவா பார்த்தாய் இதை. காட்டூர் பக்கம் லாரி இடித்து நான் விழுந்த வருஷம். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, காலுக்கு வெளியே கம்பி நிறுத்தி, நட்டு போட்டு முடுக்கிவிட்டார்கள். பேன்ட் அந்தக் கம்பியைத் தாண்டி ஏறாது. கைலி கட்டினேன். அக்குளில் கட்டை வைத்து நடக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, கைலி நழுவினால் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில் மொத்தமாக அவிழ்ந்து விழுந்தது. நீதான் குனிந்து எடுத்துக் கட்டிவிட்டாய். ஒட்டிக்கொள்கிற வேட்டியையும் பார்த்தோம். அதன் கரை கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது, மடித்துக் கட்டினால் ஒட்டு பிய்ந்தது. அதற்குப் பிறகு நான் வாசல் தாண்டவில்லை. வீடு வீடாகப் போய் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பார்ப்பதுதான் நம் இரண்டு பேருக்கும் பிழைப்பு. நான் வீட்டில் உட்கார, நீ ஒருவனாக இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு நாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். வெள்ளைக்காரத் தச்சன் ஒருவன், இடுப்பில் முட்டி வரைக்கும் கனத்த துணி, இரண்டு பக்கமும் பெரிய பை, பையில் சுத்தியல்.

"பாவாடைடா இது," என்றேன்.

"கைலிதான் மாப்ள. கில்ட்னு பேரு. வெள்ளக்காரன் பெல்ட் மாட்டி, பை தச்சு வச்சிருக்கான். அவ்வளவுதான்."

"தெருவுல போனா பாவாடைன்னுதான் சொல்லுவான்."

"கட்டுறவன் மீச வச்சிருந்தா அது பாவாட இல்லடா. எடுக்கிறோம்."

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைச் சந்தில் பிறந்து வளர்ந்தவன் நீ. கடைக்காரனே அலுத்துப்போகிற அளவுக்குத் துணி பார்ப்பாய். போனில் பார்த்தால் மட்டும் சும்மா விடுவாயா? கம்பளித் துணி நம் ஊருக்கு மார்கழியில்கூட ஆகாது என்று தள்ளினாய். கட்டம் போட்டது எனக்குப் பிடித்திருந்தது, அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டம் போட்டா வீட்டுக் கைலியோட வந்துட்டான்னு சொல்லுவாங்கடா, ஒரே கலரா எடு." வெளியே தொங்குகிற பை வேண்டாம், கதவில் மாட்டும். பக்கிளா, பட்டனா என்று ஒரு முழுச் சாயங்காலம் பேசினாய். கடைசியில் நீளம். முட்டிக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். "தொப்புள்லேர்ந்து முட்டி வரைக்கும் மறையணும் மாப்ள. அப்பதான் தொழுகைக்கு நிக்க முடியும்." நான் எங்கேயடா தொழப் போகிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் முதல் முதலாக வெளியே கிளம்பிய அன்றைக்குப் புரிந்தது. என்னைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்து இறங்கினாய். உன் இடுப்பிலும் அதே காக்கி.

"உனக்கு என்னடா கேடு? உன் கால் நல்லாத்தானே இருக்கு?"

"ஒருத்தன் போட்டா என்ன ஆச்சுன்னு கேப்பான். ரெண்டு பேர் போட்டா கம்பெனி டிரஸ்னு நெனச்சுக்குவான். ஏறு வண்டில."

நீ சொன்னதுதான் நடந்தது. கடைவீதியில் ஒருவர், "எந்தக் கம்பெனிங்க?" என்றே கேட்டார். நீயும் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னாய்.

ஆனால் அதற்குள் காவிரிப் பாலத்தில் மானம் போயிருந்தது. கில்டின் கொசுவத்தை இரண்டு பேரும் முன்பக்கம் வைத்துக் கட்டியிருந்தோம். பிறந்ததிலிருந்து கொசுவம் என்றால் முன்னால்தானே? பாலம் நடுவில் ஆற்றுக் காற்று பிடித்ததும் அது குடை மாதிரி விரிந்து மேலே ஏறியது. உன் இரண்டு கையும் ஹேண்டில்பாரில், என் இரண்டு கையும் கட்டைகளில். பக்கத்தில் போன பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. உள்ளே அரை டிராயர் இருந்ததோ பிழைத்தோமோ. பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா வாய் விட்டுச் சிரித்தபோது நீ தலையைத் திருப்பி, "காத்து வாங்குறோம்க்கா," என்றாய். பாலம் இறங்கி, ஓரமாக நிறுத்தி, மறுபடியும் போனில் படத்தைப் பார்த்தோம். அந்தத் தச்சன் கொசுவத்தைப் பின்னால் விட்டிருந்தான். அங்கேயே பக்கிளைக் கழற்றி இரண்டு பேரும் திருப்பிக் கட்டிக்கொண்டோம்.

அன்றைக்கு முதல் வேலை சித்திரை வீதியில், ரிட்டயரான மாமா ஒருவர் வீட்டில். கதவைத் திறந்தவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலையெல்லாம் அப்புறம் ஆகட்டும். மடிச்சுக் கட்டிண்டிருக்கறத மொதல்ல எறக்கி விட்டுண்டு உள்ள வாங்கோ."

எனக்குக் காது சுட்டது. நீ கையைக் கட்டிக்கொண்டு பணிவாக, "சார், இதோட நீளமே இவ்வளவுதான் சார். இதுக்கு மேல எறக்குனா நல்லா இருக்காது," என்றாய். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வேலை முடிந்து கிளம்பும்போது உன் பையைத் தொட்டுப் பார்த்து, "பஞ்சகச்சத்துல இப்படி ஒண்ணு இருந்தா எத்தன சௌகரியம்," என்றார். அதிலிருந்து அவருக்கு நாம் இரண்டு பேரும்தான் போக வேண்டும். ஒருவன் தனியாகப் போனால் "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்காமல் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்.

அவர் மட்டுமா? இந்த ஊரே அப்படித்தான் ஆகிவிட்டது. என் கம்பியை எடுத்த பிறகும் தழும்பில் பேன்ட் உரசினால் புண்ணாகிறது என்று நான் கில்டிலேயே இருந்தேன். உனக்கு ஒரு காரணமும் இல்லை, நீயும் இருந்தாய். இருந்தவன் இருந்திருக்கலாம் அல்லவா? காலையில் வேலையைப் பிரித்துக்கொண்டு போனவன், மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். என்னைக் கூப்பிடவாவது செய்திருக்கலாம். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

உன் அண்ணன் போன் பண்ணியபோது நான் ஒரு அபார்ட்மென்டில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தேன். அப்படியே வந்தேன். உங்கள் சந்து முழுக்க ஆட்கள். சந்தூக்குப் பெட்டியில் உன்னை வைத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். கைலியை மடித்துக் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று இறக்கிவிட்டார்கள். என் கையும் தானாக இடுப்புக்குப் போனது. தேடியது. அங்கே மடிப்பு எங்கே இருக்கிறது இறக்கிவிட? உனக்கு அந்த ஒரு மரியாதையைக்கூடச் செய்ய வழியில்லாமல் பித்துப் பிடித்தவன் மாதிரி துணியைத் தடவிக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து, "பரவால்ல, அவனும் இதக் கட்டிக்கிட்டுத்தான் ஊரெல்லாம் அலைஞ்சான். வாங்க, தோள் குடுங்க," என்றார். கபர்ஸ்தான் வரைக்கும் மாற்றி மாற்றித் தூக்கினோம். கால் வலித்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பேன்ட். தழும்பு சிவந்து, தோல் உரிந்து, நீர் வடிகிறது. அது போகட்டும். உன்னிடம் சொல்ல வந்தது வேறு. பேன்ட் போட்டுக்கொண்டு போனால் உன்னைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார். தெருமுனைப் பங்ச்சர் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஊருக்கு நம் முகமா தெரியும்? இடுப்பைத்தான் தெரியும். முதலில் அப்பாடா என்று இருந்தது. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் போனதும் எரிச்சலாக வந்தது. ஒருத்தராவது கேட்க வேண்டாமா? இத்தனை வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தவன் எங்கே போனான் என்று ஒரு வாய் கேட்க வேண்டாமா?

இன்றைக்குச் சித்திரை வீதி மாமா வீட்டில் ஃபில்டர் மாற்ற வேண்டும். கில்டோடு போனால் அவர் கண்டிப்பாகக் கேட்பார். நான் சொல்ல வேண்டும். நீ இறந்துபோனாய் என்பதை இதுவரை நான் என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, தெரியுமா உனக்கு? வீட்டில்கூட உன் அண்ணன் போன் பண்ணித்தான் தெரியும். பேன்டோடு போனால் கண் மங்கிய மனிதர், யாரோ மெஷின்காரன் என்று நினைத்துக்கொள்வார், வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால்தான் போடுவதும் கழற்றுவதுமாக இருக்கிறேன்.

"எதையாவது ஒண்ணப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. அந்த மாமா மறுபடியும் போன் பண்ணிட்டார்," என்கிறாள் இவள். போகிறேன்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம்.

கில்டைத்தான் கட்டிக்கொண்டு போனேன். பாச்சை உருண்டை வாசனையோடு. முனையிலேயே பங்ச்சர் கடைக்காரர், "என்னங்க, ஒத்தையாப் போறீங்க?" என்று கூப்பிட்டுக் கேட்டார். வண்டியை நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மாமா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "வாங்கோ வாங்கோ. எங்க ஆளையே காணும்? அவர் வண்டி நிறுத்திண்டிருக்காரா?"

நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா, எனக்கே தெரியவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் மெஷினைக் கழற்றினேன். பழைய ஃபில்டரை எடுத்தேன், புதிதைப் போட்டேன். பிளம்பர் டேப்பைத் தப்பாகச் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினேன். எட்டிப் பார்த்தால் வாசல் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. வெயில் உள்ளே வந்து விழுகிறது. மாமா அந்த வெயிலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கதவச் சாத்திடலாங்க, வெயில் அடிக்குது," என்றேன்.

"அவர் வரட்டுமே."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அவர் வரமாட்டாருங்க," என்றேன். "தவறிட்டார்."

"பெருமாளே," என்றார் மாமா. எப்போது, எப்படி என்று கேட்டார். சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல், உன் அண்ணன் போன் பண்ணியதிலிருந்து மண் தள்ளியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அவர் எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கி மேடையில் வைத்தார்.

"நன்னாப் பேசுவாரே," என்றார். "அவர் பேரு என்ன தம்பி? இத்தன வருஷமா இன்னொருத்தர், இன்னொருத்தர்னே சொல்லிண்டிருந்துட்டேன்."

உன் பேரைச் சொன்னேன். உங்கள் அத்தா பேரையும் சேர்த்து முழுசாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நடுவில் நாக்குப் பிசகியது. நான் திருத்தினேன். நிதானமாக இன்னொரு தரம் சொன்னார். அந்த வீட்டுக் கூடத்தில் உன் பேர் சரியாகக் கேட்டது.

திரும்பி வரும்போது பங்ச்சர் கடையில் நானே வண்டியை நிறுத்திச் சொன்னேன். அவர் கையில் இருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு, "அட, அந்தச் சிரிப்புக்காரரா?" என்றார். மதியம் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கேட்டார், சொன்னேன். மூன்றாவது மாடி அம்மா கேட்டார், சொன்னேன். பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நாள் முழுக்க ஒரு தரம்கூட லேசாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்டாள், "துவைச்சு எங்க வைக்கட்டும்?" என்று. கொடியிலேயே இருக்கட்டும், காலையில் வேண்டும் என்றேன். நாளைக்கும் இன்னொருத்தர் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும்டா. உன் பேரைச் சொல்ல நான் இருக்கிறேன்.