‘பிழை இல்லை’ என்று வந்தது

ஜூன் 10, செவ்வாய்

ரத்த வங்கியில் மதியம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் பட்டென்று அணைந்தது. காலையில் வந்த பைகளின் பரிசோதனை முடிவுகள் ஏறிக்கொண்டிருந்த நேரம்.

மறுபடி எழுப்பியதும் தகவல்கள் பதிந்திருக்கும் வட்டைச் சரிபார்க்கச் சொல்லி நின்றுவிட்டது. ஓடவிட்டேன். ‘ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றன, ஆளுக்கொரு நகல் கொடுக்கவா?’ — இப்படியே வரிசையாகக் கேள்விகள். பின்னால் மேலாளர்.

“எல்லாத்துக்கும் ஆமான்னு போடும்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன்.”

போட்டேன். கடைசியில் ‘பிழை இல்லை’ என்று வந்தது. உடனே லேபிள் அச்சாகி, பைகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின.

“உன் மூத்த பிள்ளை கண்ணு முழிச்சானா?” என்றார் ராத்திரி வீட்டுக்காரர். சர்வரை அப்படித்தான் சொல்வார். சிரித்தேன்.

ஜூன் 11

ஆஸ்பத்திரி லேப் அக்கா காலையில் கூப்பிட்டார். “உங்க ஓ குரூப் பை ஒண்ணை நோயாளி ரத்தத்தோட சேர்த்துப் பார்த்தேன், கட்டி கட்டியாத் திரளுது. குரூப்பை மறுபடி பார்த்தா, பி.”

“ஏத்தலையே அக்கா?”

“ஏத்தியிருந்தா இப்படி நிதானமாப் பேசுவேனா?”

பிரசவத்தில் நிறைய ரத்தம் போன பெண்ணாம்.

கோப்புகளைத் திறந்தேன். இரண்டு கொடையாளர்கள், இரண்டு எண்கள். உள்ளே இரண்டிலும் ஒரே ஆள். அந்த இடம் யாருடையது என்று தெரியாமல் சரிபார்க்கும் நிரல் ஆளுக்கொரு நகல் கொடுத்திருக்கிறது. கேட்டது அது. ஆமாம் என்றது யார்? நான்தானே?

“க்ளீன்னு வந்துச்சேம்மா!” என்றார் மேலாளர்.

“வட்டு க்ளீன் சார். உள்ள இருக்கிறது இல்ல. ஒரு பைகூட வெளிய போகக் கூடாது!” கத்திவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் போய்க் குளிர்பெட்டியைப் பூட்டினார்.

ஜூன் 12

எல்லாப் பைகளும் மறுபரிசோதனை. இன்னொன்றும் மாறியிருந்தது. ஐயோ, அப்புறம் இன்னொன்று.

ஜூன் 13

கரண்ட் போனால் கணினி அணையும், சரி. ஒரே இடம் இருவருக்கு எப்படிப் போனது? நாள் முழுக்கக் குடைந்தேன்.

வேகத்துக்காக, வட்டில் எழுதும் முன்பே ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் போனால் அதைத் தாங்க ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது எப்போதோ செத்துவிட்டது; அதனால் எந்த இடம் யாருக்கு என்ற குறிப்பு பாதியில் நின்று, ஒரே இடம் இருவர் பெயரிலும் பதிந்துவிட்டது. எச்சரிக்கை மெயில் தவறாமல் போயிருக்கிறது — வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு.

அந்த அமைப்பை அணைத்தேன். மாற்றுக் கணினியில் காப்புப் பிரதியை ஏற்றி, ஓடும்போதே பல முறை கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன். எதுவும் கலக்கவில்லை.

ஜூன் 18

புது லேபிள்களைச் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாடி வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒரு பெண், மடியில் குழந்தை, தள்ளிக்கொண்டு புருஷன். “அந்தப் பொண்ணுதான்,” என்று லேப் அக்கா என் காதில் சொன்னார்.

“லிஃப்ட் எந்தப் பக்கங்க?” என்று புருஷன் என்னிடம்தான் கேட்டார்.

கூடவே போய்ப் பொத்தானை அழுத்தி, அவர்கள் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.