எங்களுக்கு ஒருவரும் இல்லாத ஊர்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி பேக்கரியைத் தாண்டும்போது கறுவாப்பட்டை மணம் மூக்கில் ஏறியது. கறுவாப் பணிஸ் சுடச்சுடத் தட்டில் வந்திறங்கியிருந்தது. எனக்குச் சீனி கூடாது என்று டொக்டர் சொன்னது உமக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிவிட்டேன். வாங்காமல் வந்திருந்தால் நீர் என்னைச் சும்மா விட்டிருப்பீரா?

பம்பலப்பிட்டிக் கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து பென்சன் எடுத்தவர்கள் நாம். உம்முடைய தம்பியின் மகளுக்குச் சூரிச்சில் கலியாணம் என்றதும், தனியே போகமாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். எங்கள் ஆட்கள் ஐரோப்பா போகும் விதம் தெரியும்தானே. ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவுக்கு. நடுவில் கலியாண அல்பம், புட்டு, கோழிக்கறி. போன ஊர் யன்னலுக்கு வெளியே அது பாட்டுக்குக் கிடக்கும்.

கலியாணம் முடிந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் நீர் மெல்லக் கதையை எடுத்துவிட்டீர். "நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாள் செக் நாட்டுப் பிராக் நகரத்துக்குப் போறம்."

"அங்க ஆர் இருக்கினம்?" என்று தம்பியின் மனைவி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறம்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். காரணத்தை ரயிலில்தான் சொன்னீர். சண்டைக் காலத்தில், மீசை அரும்பிய வயதில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரைக் கொண்டுபோய் அடைத்து வைத்தது அந்த ஊரில்தான். யன்னலெல்லாம் பேப்பர் ஒட்டிய அறை. அங்கிருந்து லொறியின் பின்பக்கத்தில் எல்லை தாண்டியவர், இத்தனை காலமாகியும் அந்த ஊரின் பெயரை வாயால் சொல்வதில்லை.

"அவன் உள்ளுக்குள்ள இருந்தும் பாக்காத ஊர். நான் போய்ப் பாத்துச் சொல்லவேணும்," என்றீர். கந்தோரில் லீவு தரமாட்டேன் என்ற பெரியவருக்கு முன்னால் நின்ற அதே பிடிவாதம் உம்முடைய முகத்தில் இருந்தது.

ஆனால் பழக்கம் விடுமா? தங்குமிடத்துக் கதவைத் திறந்த வெள்ளைக்கார அம்மாவிடம் அறைத் திறப்பை வாங்குவதற்கு முன்பே, கைப்பையிலிருந்து பருத்தித்துறை வடைப் பார்சலை எடுத்து நீட்டினீர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வெறுங்கையோட ஒரு வீட்டுக்குள்ள போறதே? நல்ல கதை கதைக்கிறீர்," என்று என்னையே பேசினீர். அந்த அம்மா உறைப்பில் கண்ணீர் வடித்துக்கொண்டே இரண்டாவது வடையைக் கடித்தபோது உமக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும்!

அந்த மூன்று நாளும் நாம் ஓடித் திரியவில்லை. கல் பதித்த தெருக்களில் முழங்காலைக் கேட்டுக் கேட்டு நடந்தோம். பழைய மணிக்கூட்டுக்குக் கீழே சனம் அண்ணாந்து போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீர் ஓரத்து மர வாங்கில் அமர்ந்து சனத்தைப் புதினம் பார்த்தீர். மாவைக் கம்பில் சுற்றி நெருப்பில் வாட்டி, சீனியும் கறுவாத்தூளும் தூவி விற்றவனிடம், "கறுவா எங்கள் நாட்டுச் சாமான்," என்று ஆங்கிலத்தில் அளந்தீர். அவன் சிரித்துக்கொண்டு உமக்கு இன்னும் கொஞ்சம் தூவினான்.

கடைசி நாள் பின்னேரம் பழைய கற்பாலத்தில் நின்று தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தீர். போனை மெல்லச் சுற்றித் திருப்பினீர். ஆறு, அன்னங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், மேட்டில் கோட்டை. தம்பி முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். ஆறின புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று நான் பயந்துபோனேன்.

"அக்கா, இவ்வளவு வடிவான ஊரே அது?"

"ஓமடா. உன்ர அக்கா டிக்கெட் எடுத்து, விசாவோட, நடு றோட்டால நடந்து வந்து நிக்கிறன். நீயும் வா. முன்வாசலால வா."

நீர் அழவில்லை. நான்தான் அழுதேன். அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒரு மனுசியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

உம்முடைய செத்தவீட்டுக்கு வந்த தம்பி, எல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார். "அக்கா பாலத்தில எந்த இடத்தில நிண்டவ?" என்று கேட்டார். சிலையையும் விளக்குக் கம்பத்தையும் அடையாளம் சொன்னேன்.

நேற்று அவர் பிராக்கில் போய் இறங்கியிருக்கிறார். நீர் நின்ற இடத்தில் நின்று படம் அனுப்பினார், கையில் வடைப் பார்சலோடு. அதே அம்மாவின் வீட்டில்தான் தங்கல். இன்று காலையில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. போனில் வருவதையெல்லாம் அழித்துத் தள்ளுகிறவள் நான். இதை அழிக்கமாட்டேன்.

பேக்கரி வாசலில் பணிசைக் கடித்தபடி திரும்பவும் அதை வாசித்தேன். உம்முடைய சிநேகிதி நான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சொல்லவேண்டும் போல இருந்தது.

"ராத்திரி யன்னலைத் திறந்துவிட்டுத்தான் படுத்தனான், அக்கா."