மாமியார் என்றொரு எஃகு

நேற்று அம்பத்தூரில் ஒரு பட்டறை வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது எண்ணெய் கருகும் வாடை மூக்கில் ஏறியது. பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கினால் வருமே, அதே வாடை. பஸ் வந்து போயிற்று. நான் ஏறவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஸ்பிரிங் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் நாம் இருவரும் இருந்தோம். நீ உலையில் எஃகுத் துண்டுகளைக் காய்ச்சித் தருவாய். நான் வளைத்துப் பார்ப்பேன். எண் போடச் சொன்னால் நீ பெயர் வைப்பாய். முறுக்கிக்கொண்டு நின்று பட்டென்று உடைந்தது ‘மாப்பிள்ளை’. எத்தனை வளைத்தாலும் விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது ‘மாமியார்’. “மாமியார் இன்னிக்கி பாஸா, மச்சான்?” என்று நீ கேட்டால் கூடமே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கச் சொன்னேன். “நான்தான் கீறேனே. இன்னாத்துக்கு எழுதிக்கினு?” என்றாய். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. உன் ஞாபகசக்தி மேல் உன்னைவிட எனக்குத்தான் நம்பிக்கை அதிகம்.

லாரி ஸ்பிரிங்குக்கு மாமியார்தான் தேறினாள். ஆர்டர் வந்த வாரமே உனக்கு மஞ்சள் காமாலை. கொரட்டூரில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாய். எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்க வாயெடுத்தேன். இந்த நிலையில் இருப்பவனிடம் உலைக் கணக்கா என்று கூச்சமாகிவிட்டது. நீயே புரிந்துகொண்டு, “வந்து சொல்றேன் மச்சான். மாமியார் எங்க பூடுவா?” என்றாய். நீ வரவில்லை.

அந்த எஃகை மறுபடி செய்ய என்னென்னவோ முயன்றோம். எல்லாம் மாப்பிள்ளைகளாகவே உடைந்தன. ஆர்டர் கைவிட்டுப் போனது. உன் உலையையும் மூடினார்கள். அதில் நின்றவர்களுக்கு வேலை போயிற்று. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. வெட்கத்தை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நான்.

அதன் பிறகு போன இடத்திலெல்லாம், உடைந்ததற்கும் எழுது, உடையாததற்கும் எழுது என்று எல்லோர் உயிரையும் வாங்கினேன். அவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்தார்களோ.

நீ துண்டுகளைப் போட்டு வைக்கும் தட்டைக் காலி செய்தபோது பார்த்தேன், ஒரு துண்டில் என் பெயரைக் கீறியிருந்தாய். சோதனைக்கு வராமலேயே பெயர் வாங்கிய துண்டு அது ஒன்றுதான். எடுத்து வந்துவிட்டேன். என்னை மாமியார் ஜாதியில் சேர்த்தாயா, மாப்பிள்ளை ஜாதியிலா? வளைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இத்தனை வருஷமாக எனக்கு மனசு வரவில்லை.