மலரின் பேக்டரி மூடிவிட்டது

12 நவம்பர் 1983, சனி

தங்கை மலர் இன்று பினாங்கிலிருந்து வந்துவிட்டாள். எங்கள் மலையூர் தானா ராத்தாவின் பஸ் ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றாள். அவள் வேலை செய்த வீடியோ கேம் பேக்டரியை மூடிவிட்டார்கள்.

"ஏன் மூடுனாங்க?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவுல கம்பெனிய ஆரம்பிச்சவரு எப்பவோ வித்துட்டுப் போயிட்டாராம்ணே. அப்புறம் வந்த பெரிய முதலாளி, கேம் செஞ்சு குவிங்கன்னாரு. யாரும் வாங்கலே லா. அவரையும் தூக்கிட்டாங்க, எங்களையும் தூக்கிட்டாங்க."

தன் கையால் பொருத்திய கேம் கேசட் ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத எதுல போடறது?" என்றார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் டிவி இல்லை. மலர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடும்போது, "அண்ணே, கொழுந்து பறிக்க ஆள் வேணுமான்னு கங்காணிகிட்ட கேக்கறியா?" என்றாள். இனிமேல் கூடையே தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். நானோ யோசிக்காமல், "நாளைக்கே கேக்கறேன்" என்றேன். எஸ்டேட் பள்ளி வாத்தியாரான நான் சொன்னால் கங்காணி தட்டமாட்டார்.

அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தொடவில்லை. வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். இப்போதுதான் புரிகிறது.

அவள் இன்னும் தூங்கவில்லை. எழுந்து போய், கொழுந்து பறிக்கப் போகவேண்டாம் என்று சொல்லலாம். "சரி, வேற என்ன வேலை இருக்கு?" என்று அவள் கேட்டால்?