எண்பத்தைந்து கிலோ ஸ்பிரிங்

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். வழக்கமாகத் தங்கச்சிதான் எழுதுவாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் தங்கச்சி எழுதினால் அவள் புருஷனைப் பற்றி நான் சொல்வதில் பாதி தாளுக்கு வராது. ஃபோனில் கேட்கலாம் என்றால் அதுவும் மாப்பிள்ளையின் ஃபோன், பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

விஷயம் உன் மோட்டார் சைக்கிள். யாருக்கும் கொடுக்க வேண்டாம், நானே வந்து ஓட்டிக்கொள்வேன் என்று சொல்லித் துணி போட்டு மூடிவிட்டுப் போனாய். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை திடீரென்று அதைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றப் போகிறேன் என்றார். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்குக் குத்தும் என்றார். நான் ஸ்டூலைப் போட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். வேலையில் குறை சொல்ல மாட்டேன். வண்டிக்கு அடியில் மரப்பெட்டியை முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தை எடுத்துவிட்டு, ஃபோர்க்கைக் கழற்றுவதற்கு முன்பே மேல்மூடி இரண்டையும் தளர்த்தி வைத்துக்கொண்டார். பழைய ஆயில் சாக்கடைத் தண்ணீர் மாதிரி கறுப்பாக, மீன் நாற்றத்தோடு இறங்கியது. அதைப் பிடித்தது அம்மாவின் பெரிய சட்டியில். அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள், அன்று மாப்பிள்ளைக்குக் குழம்பு கொஞ்சமாகத்தான் விழுந்தது. புது ஆயிலை ஊற்றி, காற்றுக் குமிழி அடங்கும்வரை மேலும் கீழும் இழுத்து, இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றுதானா என்று ஸ்கேல் விட்டுப் பார்த்துப் புது ஸ்பிரிங்கை இறக்கினார். தன் வண்டியின் செயினுக்கு எண்ணெய் காட்டாதவர் உன் வண்டிக்கு இப்படி உருகினால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா.

அப்போதுதான் முன்பு காதில் விழுந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. எண்பத்தைந்து கிலோ ஆளுக்குத் தகுந்த மாதிரி கொடுங்கள் என்று மாப்பிள்ளை ஃபோனில் ஸ்பிரிங் கேட்டிருந்தார். ஓட்டுகிறவன் எடையைப் பார்த்துத்தான் அதை எடுப்பார்களாம். நீ வெளியூர் வேலைக்குப் புறப்பட்ட அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை போட்டாய், பிறகு பெட்டி இல்லாமல் ஏறி நின்றாய், பெட்டி அண்ணனைவிடக் கனம் என்று தங்கச்சி சிரித்தாள். அறுபதைத் தொடவில்லை நீ. மாப்பிள்ளையோ மின்விசிறியை வேகமாக வைத்தால் நகர்ந்துவிடுகிற உடம்பு. அப்படியானால் அந்த எண்பத்தைந்து யார்? நம் தெருவில் வெல்டிங் கடைக்காரர் ஒருவர்தான் அந்தக் கனம். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் வந்து, சும்மா பார்க்கிறேன் பெரியவரே என்று சொல்லி உன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தார். வண்டி முனகியதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

யாருக்கு விற்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, "உங்க பிள்ளைதான் செய்யச் சொன்னாரு மாமா. எதுக்குன்னு அவரையே கேளுங்க" என்றார். அதுவரை அவர்மேல் இருந்த சந்தேகம் அந்த நொடியில் உன் பக்கம் திரும்பிவிட்டது. திரும்பி வருகிறவன் வந்து தானே பார்த்துக்கொள்வான், வராதவன்தான் ஆள் வைத்து வண்டியைச் சீர் பண்ணித் தள்ளிவிடுவான். தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டால் வேறு கதை சொல்கிறாள். "அண்ணன் அங்க போய் நல்லா ஊதிட்டான்பா, அவன் வெயிட்டுக்குத்தான் வாங்கினது. வரப்போறான், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னான்" என்கிறாள். அவள் பொய் சொன்னால் காதைத் தடவுவாள், உனக்கே தெரியும். பார்த்தால் தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருக்கிறாள், காதே வெளியே தெரியவில்லை. நீ அனுப்புகிற படத்திலும் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருப்பதில்லை. பால்காரர் சிரித்தால்கூட தண்ணீர் கலந்துவிட்டார் என்று சொல்கிற மனுஷர் நீங்கள் என்று அம்மா என்னைத்தான் ஏசுகிறாள்.

அதனால் முன் சக்கரத்தின் அச்சுக் கம்பியை எடுத்து என் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஃபோர்க் மாட்டியாகிவிட்டது, சக்கரம் மட்டும் கோக்கக் கம்பி இல்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது, மாப்பிள்ளை கம்பியைத் தேடி அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியும், படுக்கை விரிப்பில் கிரீஸ் பட்டதற்குத் திட்டினாளே தவிர காட்டிக் கொடுக்கவில்லை.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இது கிடைத்ததும் ஒரு நல்ல எடைப் பொறியில் ஏறி நின்று, வந்த எடையை மறைக்காமல் எழுது. பொறி கிடைக்காவிட்டால் இடுப்பு அளவு போதும், நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் தையல்காரம்மா. எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பியைத் துடைத்து நானே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன். இல்லையென்றால், வரமாட்டேன் என்பதை நீயே எனக்குச் சொல், வெல்டிங் கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டாம். அப்போதும் கம்பியைக் கொடுத்துவிடுவேன், கொஞ்சம் பொறுத்து.

எங்கே இருந்தாலும் நீ நிறைவாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். பதிலைத் தையல்காரம்மா வீட்டு முகவரிக்கே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)