தியேட்டரின் பெண்கள் கதவு

அக்கா, இன்று காலை கரவெட்டிக்கு பஸ்ஸில் போகும்போது எங்கள் தியேட்டரை இடித்துக்கொண்டிருந்தார்கள். டீசல் புகையும் பழைய சுண்ணாம்புத் தூசியும் யன்னலால் வந்து மூக்கில் ஏறின. அடுத்த தரிப்பில் இறங்கி, மதிலோரம் வாந்தி எடுத்தேன்.

சண்டைக் காலத்தில் அங்கே பெண்கள் பகுதியில் நான் டிக்கெட் கொடுத்தேன். நீங்கள் வாசலில் நின்று கிழித்தீர்கள். ஊரில் மின்சாரம் இல்லாத நாட்களிலும் ஜெனரேட்டரில் படம் ஓடியது. ஷெல் சத்தத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பெண்கள், கொஞ்ச நேரம் வேறு சத்தம் கேட்கவென்றே வந்தார்கள்.

அன்று மத்தியானக் காட்சியில், ஆண்கள் பக்கத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஷெல் விழுந்தது. திரை எரிந்தது. கால் போனவர்கள் கதிரைகளுக்கிடையில் கிடந்து கத்தினார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே கதவில் போய் மோதினார்கள். அது உள்ளே இழுத்துத் திறக்கிற கதவு. பின்னால் நின்றவர்கள் நெருக்க, முன்னால் நின்றவர்கள் பலகையோடு நசுங்கினார்கள்.

“பின்னாலை போங்கோ” என்று கத்தினீர்கள். ஒருவரும் அசையவில்லை. கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புச் சட்டத்தை எடுத்து அடிக்கத் தொடங்கினீர்கள். முகம், தோள், கை என்று பார்க்கவில்லை. எனக்கும் விழுந்தது, தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஷெல்லை விட உங்களுக்குப் பயந்து கூட்டம் பின்வாங்கியது. அந்த இடைவெளியில் கதவை இழுத்துத் திறந்தீர்கள். வெளியே வந்தோம். ஒருத்தி மட்டும் கதவடியில் செத்துக் கிடந்தாள்.

வீதியில் ஒருவர் ஓடிவந்து உங்கள் கன்னத்தில் அறைந்தார். “என்ரை மனிசியின்ரை கையை முறிச்சுப்போட்டாய்.”

வாயில் வந்த இரத்தத்தைத் துப்பினீர்கள். “ஓம், நான்தான் முறிச்சனான். அவ உயிரோடை நிக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

அதற்குப் பிறகு அங்கே படம் ஓடவில்லை. அந்த இரும்புச் சட்டத்தை வைத்து ஊர் உங்களைச் சட்டக்காரி என்றது. நீங்கள் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் மட்டும் கதைத்தீர்கள்.

“செத்தவளுக்கும் நான் அடிச்சனான். என்ரை அடியிலை விழுந்தவளோ, நெரிபட்டு விழுந்தவளோ, தெரியேல்லை.”

“நெரிபட்டுத்தான் அக்கா.”

“நீ கண்டனியோ?”

“காணேல்லை.”

தலையை ஆட்டிவிட்டு மற்றப் பாதித் தேங்காயை எடுத்தீர்கள். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி மீண்டும் கதைக்கவில்லை.

இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பேத்தியின் நடனத்தைக்கூட வாசலில் நின்றுதான் பார்த்தேன், கதவு மூடிவிடாமல் ஒரு காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு.