அப்டேட்டை நிறுத்தியவள் எழுதுவது

மௌலா அலி ரயில்வே காலனி,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் மணிவண்ணனுக்கு,

நானும் அப்பாவும் மாடிப்படிக்கடியில் குட்டி போட்டிருக்கிற பூனையும் சுகம். நெதர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் உள்ளதைச் சொல், வீடியோவில் பல்லைக் காட்டி ஏமாற்றாதே. முதலில் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலாவது கை கால் முளைத்து உன்னிடம் வந்து சேர்வதற்கு முன்னால். ஆக்னஸ் ஆன்ட்டி வீட்டு விருந்தில் பரிமாறிய பீங்கான் தட்டுகள் நம்முடையவை என்று, அந்த விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் காதிலேயே நான் போட்டுவிட்டேன். ஃபோனைக் கட் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு சொன்னது அது. நம் ரயில்வே காலனி வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. எந்த வீட்டுக்கு யார் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்க வந்தாலும் நாலு வீட்டுச் சாமான் அந்த ஒரு வீட்டில் கூடிவிடும். நம் டின்னர் செட், ராஜி வீட்டு சோபா உறை, ஃபாத்திமா வீட்டுக் கண்ணாடி ஜக்கு. கொடுத்தவர்களும் விருந்துக்குப் போய், நம் தட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அடடா ஆக்னஸ், இந்தத் தட்டை எங்க வாங்கினே, ரொம்ப நல்லா இருக்கே என்று வந்தவர்கள் காதுபடக் கேட்கவேண்டும், அதுதான் மரியாதை. என் தட்டின் அழகை நானே எத்தனை வீடுகளில் வியந்திருக்கிறேன், ஓரத்துப் பூவைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்த மரியாதையை ஒருத்தரும் மீறியதில்லை. நான் மீறினேன்.

நடந்தது இதுதான். ஆக்னஸின் பிள்ளை ஜேம்ஸுக்குப் பேசியிருக்கிற பெண்ணின் வீட்டார் போன மாதம் உப்பலிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். எனக்கு அன்று நாய் குரைக்கிற மாதிரி இருமல், அதனால் போகவில்லை. சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கும்போது ஆக்னஸ் ஃபோன் பண்ணினாள், கையெல்லாம் மசாலா என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, லலிதா, சம்பந்தியம்மா பக்கத்துலதான் இருக்காங்க, ரெண்டு வார்த்தை பேசு என்றாள். நானும் தேன் ஒழுகப் பேசினேன். ஜேம்ஸ் தங்கமான பிள்ளை, மாதாப்பூரில் பெரிய வேலை, இந்த மாதிரிக் குடும்பம் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சிவப்புப் பட்டனை அழுத்தி ஃபோனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அப்புறம் அப்பாவைப் பார்த்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பாவங்க ஆக்னஸ், தட்டு நம்மளுது, சோபா உறை ராஜியோடது, ஜக்கு ஃபாத்திமாவோடது, அந்த ஹால்ல அவளுக்குன்னு சொந்தமா இருக்கிறது வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி அண்ணன் ஒருத்தர்தான், அவரையும் யாராவது ஒரு வேளைக்குக் கேட்டா அனுப்பி வெச்சிடுவா என்றேன். அதோடு நிறுத்தினேனா, அந்தப் பொண்ணோட அம்மா குரலைக் கேட்டீங்களா, பிளாட்பாரத்துல வண்டி லேட்டுன்னு சொல்ற மாதிரி என்றும் சொன்னேன். ஃபிரிட்ஜ் மேலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது, லலிதா, லைன்ல இருக்கே என்று. அப்பா எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிக்கப் போனாரா அழப் போனாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அதற்கப்புறம் பாயசம்கூடக் கேட்காமல் உப்பல்காரர்கள் புறப்பட்டார்களாம், யோசிச்சுச் சொல்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மறுநாள் ஆரோக்கியசாமி அங்கிள் டின்னர் செட்டைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார், நான் காபி என்று வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை. ஆக்னஸ் ராஜியிடம் என்ன சொன்னாள் தெரியுமா, அவ மணிக்கு இன்னும் ஒண்ணும் அமையலையில்ல, எங்க ஜேம்ஸுக்கு அமைஞ்சது வயித்தெரிச்சல், வேணும்னேதான் லைனைக் கட் பண்ணாம வெச்சிருந்தா என்று. ராஜிக்கு வாயில் எதுதான் தங்கும், ஓடி வந்து சொல்லிவிட்டாள். மணி, நான் வம்பு பேசுகிறவள்தான், அதை என் கல்யாணத்துக்கு முன்பே என் மாமியார் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் வேண்டுமென்று ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கலைக்கிறவள் இல்லை. உனக்கு அம்மை போட்டிருந்தபோது என் கையிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்னவள் அவள். அவள் அப்படி நினைத்தது எனக்குச் சோறு இறங்கவிடவில்லை, நீ சிரிப்பாய், உண்மையாகவே இறங்கவில்லை, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் ராஜியின் ஃபோனுக்கு அந்த வியாதி வந்தது. தூங்கும்போது சார்ஜில் போட்டிருக்கிறாள், எழுந்து பார்த்தால் ஃபோன் பண்ணும் திரையே வேறு முகமாக இருக்கிறது. பட்டன் ஒரு பக்கம் இருந்தது இன்னொரு பக்கம் போய்விட்டது, எடுக்க வேண்டுமென்றால் ஓரமாக இழுக்க வேண்டுமாம், அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டபோதெல்லாம் கட் பண்ணிக் கட் பண்ணி, அவர் ட்யூட்டியை விட்டு ஓடி வந்துவிட்டார், இவள் என்னவோ ஆகிவிட்டாள் என்று. தானாகவே அப்டேட் ஆகிடுச்சு அக்கா என்று அவள் சொன்னதும் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. என் ஃபோனும் அப்படித்தான் மாறியிருக்க வேண்டும்! எடுத்து வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிவப்புப் பட்டன் அரை விரல் இறங்கியிருப்பதாகவே தெரிந்தது. இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் அழுத்திப் பழகிய கட்டைவிரல், அது அழுத்திய இடத்தில் பட்டன் இல்லையென்றால் குற்றம் விரலிலா பட்டனிலா? உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய், மம்மி, ப்ளீஸ், அப்டேட் எல்லாம் செக்யூரிட்டிக்கு, செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க, புதுசு வந்தா கத்துக்கணும் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி இந்தியிலும் சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது. கீழே வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னை முறைக்கும். எழுத்துக் கூட்டியாவது நீயே படி, ஃபோனைக் காட்டி மொழிபெயர்க்கச் சொல்லாதே, என் விஷயத்தை நான் திட்டுகிறவர்களிடமே படிக்கக் கொடுக்காதே.

கத்துக்கணுமாம். ராத்திரி நீ தூங்கும்போது ஒருவன் சமையலறைக்குள் புகுந்து உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றி வைத்துவிட்டு, உங்கள் நன்மைக்காகத்தான் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனால் நீ கத்துக்கொள்வாயா, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவாயா? அப்பாவிடம் கேட்டேன், ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பிடியை ஒரு சாண் நகர்த்த வேண்டுமானால் என்ன செய்வார்கள் என்று. எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, காட்டிக் கொடுத்து, தெரிஞ்சுகிட்டேன்னு கையெழுத்து வாங்காம ஒரு ஆணியை அசைக்க முடியாது என்றார். ரயில்வேக்கு இருக்கிற மரியாதை ஃபோன் கம்பெனிக்கு இல்லை என்று நான் சொன்னதற்கு அப்பா தலையை ஆட்டினார், அந்த ஆட்டல் ஆமாம் என்பதா போதும் என்பதா என்று கேட்டுச் சண்டையைப் பெரிதாக்கவில்லை.

தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று யாரோ ஒரு தெலுங்குப் பிள்ளை வீடியோ போட்டிருந்தான். செட்டிங்ஸுக்குள் போய், ஃபோனைப் பற்றி என்கிற இடத்துக்குப் போய், பில்டு நம்பர் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏழு தரம் தட்ட வேண்டும். தட்டினேன். நடுவில் இன்னும் இத்தனை தட்டு பாக்கி என்று அதுவே சொல்கிறது, கோயிலில் பிரதட்சிணம் எண்ணுகிற மாதிரி. ஏழாவது தட்டில், இப்போது நீங்கள் ஒரு டெவலப்பர் என்று வந்தது! உன்னை டெவலப்பர் ஆக்க நாங்கள் நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பினோம், விடியற்காலையில் எழுப்பினோம், பரீட்சைக்குப் பரீட்சை மலை தர்காவுக்கும் மாதாவுக்கும் முருகனுக்கும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டோம். நான் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு ஏழு தட்டில் ஆனேன். அப்பாவிடம், இனிமே என்னை மரியாதையாப் பேசுங்க என்று சொல்லிவிட்டு, அந்த டெவலப்பர்கள் மட்டும் நுழைகிற அறைக்குள் போய், தானியங்கி சிஸ்டம் அப்டேட் என்று எழுதியிருந்ததை அணைத்தேன். மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, ரொம்ப நாள் தங்கிய விருந்தாளியை வண்டி ஏற்றிவிட்ட மாதிரி.

அதே கையோடு ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, வாசலிலேயே நின்றாள். நான் அப்டேட், பட்டன், கட்டைவிரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள், சரி, பட்டனை அவங்க மாத்தினாங்க, உன் நாக்கையுமா மாத்தினாங்க என்று கேட்டாள். நாக்கு பிறந்ததிலிருந்து இப்படித்தான், அதுக்கு அப்டேட்டே வராது ஆக்னஸ், பேசினது தப்பு, ஆனா வேணும்னு லைனை வெச்சிருக்கலே, அதை மட்டும் நம்பு என்றேன். அப்புறம் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து, இதுவும்தான் மாறிக் கிடக்கு, நேத்து ஃபாதர் கூப்பிட்டார், ரெண்டு தடவை கட் பண்ணிட்டேன் என்று என் கையில் கொடுத்தாள். அதற்கு மேல் என்ன வேண்டும், உள்ளே போய் உட்கார்ந்தேன், காபி வந்தது. அன்று சாயங்காலமே அவள் உப்பலுக்குப் பேசினாள். தட்டு இரவல் என்பதை மறைக்கவில்லை, என் ஃபிரெண்டு வேணும்னு சொல்லலே, ஃபோன் அப்டேட் ஆகி இப்படிப் பண்ணிடுச்சு என்றாளாம். அந்தப் பிளாட்பாரக் குரல் அம்மாள், நீங்க பொண்ணு பார்க்க வந்தப்போ டீ குடிச்சீங்களே, அந்தக் கப் எங்க மாடி வீட்டோடது, சொல்லாம இருந்தது எனக்கே உறுத்துச்சு என்றாராம். பொங்கல் கழிந்து கல்யாணம். டின்னர் செட்டைத் திரும்பவும் ஆரோக்கியசாமி அங்கிள் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இந்தத் தரம் காபி குடித்தார்.

இப்போது காலனியில் என் பெயர் டாக்டரம்மா. ஃபோனை நீட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வருகிறார்கள், ஏழு தட்டு தட்டி அணைத்துக் கொடுக்கிறேன். ஃபாத்திமாவிடம் மட்டும், உன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கோ, செக்யூரிட்டின்னு என் பையன் பயமுறுத்தறான் என்றேன், அவள், கைக்கு, எதுக்குக் கேட்கணும்? ஃபோன் மேரா, மாத்துறது அவுங்களா? நக்கோ, பந்த் கரோ, அணைச்சிடு என்று உட்கார்ந்துவிட்டாள். ஆகவே மணி, இது என் ஒருத்தியின் பிடிவாதம் என்று நினைக்காதே. நீ அங்கிருந்தே என் ஃபோனுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஆப் போட்டு வைத்திருந்தாயே, அதையும் எடுத்துவிட்டேன். வேண்டுமானால் கூப்பிட்டுக் கேள், என்ன சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்கிறேன், கேட்காமல் உள்ளே வராதே. ஜேம்ஸின் சிநேகிதன் கையில் புது ஃபோன் கொடுத்தனுப்புகிற யோசனையும் வேண்டாம், வந்தால் ஃபாத்திமா வீட்டு ஜக்குக்குப் பக்கத்தில் விருந்துக்கு வைக்கத்தான் உதவும். பேங்க் ஆப் நின்றுபோகும் என்கிறாய், நிற்கட்டும், நான் பேங்குக்குப் போய் நிற்கிறேன், அங்கே ஏசி இருக்கிறது, நாலு பேரைப் பார்க்கலாம், நாலு விஷயம் தெரியும். ஐம்பத்து மூன்று வயசில் என்னிடம் யாரும் கேட்காமல் மாறியவை நிறைய, இடுப்பு, கண்ணாடி நம்பர், நீ என்னை மம்மி என்று கூப்பிடுவது. இந்த ஒன்றையாவது நான் சொன்னால்தான் மாறவேண்டும்.

ஈர சாக்ஸோடு தூங்காதே. ரசப்பொடி தீர்ந்துவிட்டது என்றாயே, டப்பாவின் அடியில் சுரண்டினால் ஒரு வாரத்துக்கு வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் ரிட்டயர் ஆனதும் போகிறேன் என்கிறார், நீ ஒரு அதட்டுப் போடு, என் அதட்டல் பழகிவிட்டது. உனக்கு எல்லா நல்லதும், நல்ல இடத்திலிருந்து நல்ல மனசுள்ள பெண்ணும் சீக்கிரம் வந்து சேரட்டும். ஜேம்ஸ் கல்யாணத்துக்கு லீவு சொல்லி வை, மறக்காதே, வந்தால் நம் தட்டைப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று நீயும் கேட்க வேண்டும்.

முத்தங்களுடன், மாற மறுக்கும் உன் அம்மா
லலிதா வேதாசலம்

பி.கு. கவரை ஒட்டுவதற்குள், ஒழுங்காக அணைத்திருக்கிறாயா பார்க்கிறேன் என்று அப்பா என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். பழைய மாடல் என்பதால் கம்பெனி இதற்கு அப்டேட் அனுப்புவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறதாம், ஃபோன் பண்ணும் திரையும் அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறதாம்.